திரையில் இருபத்தெட்டுப் புள்ளி நான்கு

“காலுக்குக் கால் சரியா உக்காருதுல்ல? அப்புறம் என்னம்மா” என்றார் குமரப்பன்.

அவர் என் முதலாளி. செனாய் தொழிற்பேட்டையில், கோழிப் பண்ணைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்கிற கம்பெனி அவருடையது. பூர்வீகம் காரைக்குடிப் பக்கம். மூன்று தலைமுறையாக மலேசியாவில், ஜொகூரில் வியாபாரம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கம்பெனியில் சத்தம் கேட்டால் அது நான்தான். என் பெயர் பிரேமலா. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் போர்டை வடிவமைத்தவள்.

கால் என்று அவர் சொன்னது சிப்பின் கால்களை. பழைய சிப்புக்கு முப்பத்திரண்டு கால், அவர் மேசையில் வைத்த புதுச் சிப்புக்கும் முப்பத்திரண்டு கால். அதே அளவு, அதே கறுப்பு. பழையது இருந்த இடத்தில் இதை வைத்தால் அச்சாகப் பொருந்தும், நான் எழுதிய புரோகிராமும் ஓடும். 2021ஆம் வருடம் அது. உலகம் முழுக்கச் சிப் பஞ்சம். எங்கள் சப்ளையர் ஐம்பத்திரண்டு வாரம் காத்திருக்கச் சொல்லிவிட்டார். குமரப்பன் எங்கெங்கோ விசாரித்து, வேறொரு ஆலை பழையதைப் பார்த்துச் செய்த இந்த மாற்றுச் சிப்பைக் கொண்டுவந்திருந்தார்.

சிப் தேர்ந்தெடுப்பது என்றால் இருப்பதிலேயே வேகமானதை வாங்குவது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். கோழிக் கொட்டகைக்கு வேகம் எதற்கு? அங்கே இருப்பது சூடு, தூசி, கோழி எச்சத்தின் காரம், வந்து வந்து போகிற கரண்ட். எனக்கு வேண்டியதெல்லாம், கரண்ட் தள்ளாடினால் தானாகவே ஒரு தடவை அணைந்து, திரும்ப முதலிலிருந்து வேலையைத் தொடங்குகிற சிப். அப்படித் தேடித்தான் பழையதை எடுத்தேன். அதுவும் போதாது என்று, பக்கத்தில் அரிசி அளவில் இன்னொரு குட்டிச் சிப் வைத்திருந்தேன். அதற்கு ஒரே வேலை. பெரிய சிப் மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். விடவில்லை என்றால் தட்டி எழுப்பும். நாங்கள் அதை ஜாகா என்போம். காவல்காரனுக்கு இங்கே அதுதான் பேர். விலை கடையில் ஆற்றிக் கொடுக்கிற ஒரு தே தாரிக் டீயைவிடக் குறைவு.

“ஜாகாவும் கிடைக்கல. அது இல்லாமலே ஓடும்ல?” என்றார்.

“ஓடும் பாஸ். நிக்கக் கூடாத நேரத்துல நின்னா யாரு எழுப்புறது?”

“இத்தனை வருஷத்துல எத்தனை தடவை நின்னுருக்கு?”

நிற்காததற்குக் காரணமே அதுதான் என்று கத்தினேன். மூடிய கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு முனையில் எட்டுப் பெரிய விசிறிகள் காற்றை இழுக்கும், அவ்வளவுதான். விசிறி நின்றால் முப்பது நாள் வளர்ந்த கோழி அரை மணி நேரம் தாங்காது. அபாயச் சங்கை ஊதவேண்டியதும் அதே பெட்டிதான். சிப் உறைந்துபோனால் சங்கும் ஊதாது. இதையெல்லாம் அவரிடம் பாடமாக ஒப்பித்தேன். சோதித்துப் பார்க்க இரண்டு வாரம் கேட்டேன்.

“முப்பது பண்ணை பெட்டி கேட்டு நிக்குது. ரெண்டு வாரத்துக்கு நான் எங்க போறது? மூணு நாள் எடுத்துக்குங்க. நீங்க எஞ்சினியர், நான் வியாபாரி. நீங்க சரின்னா சரி.”

இதுதான் அவர் வழக்கம். பதினோரு வருடத்தில் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. சம்மதம் வாயால் வரும், கையெழுத்து எங்களிடமிருந்து போகும். மாற்றுப் பாகத்துக்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் கட்டம் ஒன்றே ஒன்று, எஞ்சினியருக்கு.

மூன்று நாள் சோதித்தேன். எங்கள் ஏர்கான் ரூமில், பெட்டியைச் சுவரில் மாட்டி, சுவிட்சை அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு இருநூறு தடவை பார்த்தேன். இருநூறு தடவையும் ஒழுங்காக எழுந்தது. புதுச் சிப்பின் கையேடு நூற்றைம்பது பக்கம், பாதிக்குமேல் சீனத்தில். கால்களின் படம், வோல்ட் அட்டவணை, முதல் நாற்பது பக்கம் வரை மொழிபெயர்த்துப் படித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், ஜாகா இல்லாமலே, ‘இணையானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு கத்தினவள், கடைசியில் எல்லாரையும் போலப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம் காளிதாஸ் அண்ணன் போன் செய்தார். என் பெரியம்மா மகன். இருபது வருடம் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டியவர். எல்லைப் பாலத்து நெரிசலில் முதுகு போனபிறகு, லாயாங் லாயாங்கில் நிலம் குத்தகைக்கு எடுத்து, ஒரு பெரிய கோழிக் கம்பெனியிடம் கான்ட்ராக்ட் வாங்கியிருந்தார். குஞ்சும் தீனியும் கம்பெனி கொடுக்கும். வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. கையில் இருந்தது, கழுத்தில் இருந்தது எல்லாவற்றையும் அந்தக் கொட்டகையில்தான் போட்டிருந்தார்கள் அண்ணனும் ஷாமளா அண்ணியும்.

“உன் கை வச்ச பொட்டிதான் வேணும். வேற எவன் பொட்டியும் எனக்கு வேணாம்” என்றார்.

நானே கொண்டுபோய் மாட்டினேன். இடி மின்னலுக்குப் பாதுகாப்பாக எர்த் கம்பி ஒன்று மண்ணில் இறக்க வேண்டும். நான் ஐந்தடி போதும் என்றேன். அண்ணன் ஆறடிக் கம்பி வாங்கிவைத்திருந்தார். சம்மட்டியால் அவரே அடித்தார், பனியன் நனைய நனைய. தலை மட்டும் தெரிகிற வரை விடவில்லை. நான் மீட்டர் வைத்து அளந்தேன். அவ்வளவு நல்ல எர்த்தை வேறெந்தப் பண்ணையிலும் பார்த்ததில்லை. அவரிடமும் அதைச் சொன்னேன். சின்னப் பையன் போலச் சிரித்தார்.

அதுவரை அவர் கொட்டகைக்குள்ளேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் சாப்பிடுவார். விசிறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு.

“பிரேமா, இத நம்பி நான் வீட்டுல போய் உக்காந்து சோறு திங்கலாமா?” என்று கேட்டார்.

“நல்லா சாப்பிடுங்கண்ணே. கரண்ட் போனா ஜென்செட் ஓடும். ஜென்செட் ஓடுனா பொட்டி ஒவ்வொரு விசிறியா எழுப்பி விட்டுரும். திரையில சூடு எவ்வளவுன்னு தெரியும், அத ஒரு பார்வை பாருங்க போதும்.”

சொன்னது நான். என் வாயால் சொன்னது.

ஐந்து முறை குஞ்சு இறக்கி ஐந்து முறையும் நன்றாகக் கொடுத்தார். ஆறாவது முறை, முப்பத்தோராம் நாள், மத்தியானம் ஒரு மணிக்கு மழை கட்டிக்கொண்டு வந்தது. இடி இல்லை, காற்றுதான். எங்கோ செம்பனை மட்டை கம்பியில் விழுந்திருக்க வேண்டும். விளக்குகள் மங்கி, மஞ்சளாகி, கொஞ்ச நேரம் அப்படியே முனகின. அவை முழுசாக அணைவதற்குள் ஜென்செட் ஓடியது, விளக்கு தெளிந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே அண்ணன் போய் வெளிச்சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். 28.4 டிகிரி. கோழிக்கு ஒரு குறையும் இல்லாத சூடு. ஜென்செட் கொட்டகைச் சுவரை ஒட்டியே இருப்பதால் அதன் இரைச்சலில் விசிறி ஓடுகிறதா என்பது காதுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அண்ணி நெத்திலிச் சம்பல் வைத்திருந்தார்.

இரண்டு மணிக்குமேல் எனக்குப் போன் வந்தது.

“பிரேமா, பொட்டி இருபத்தெட்டுன்னு சொல்லுது” என்றார். “ஆனா எல்லாம் செத்துக் கிடக்கும்மா.”

கூலாய் தாண்டி அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. பதினெட்டாயிரம் கோழி. காற்று வரும் பக்கமாக முண்டியடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக, இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. திரையில் இன்னும் 28.4. விளக்கு மங்கிய நொடியில் சிப் உறைந்துபோய், கடைசியாக எழுதிய எண்ணை அப்படியே விட்டுவிட்டது. பெட்டியின் மெயின் சுவிட்சை நான் அணைத்துப் போட்டேன். உடனே சமர்த்தாக எழுந்து, எட்டு விசிறியையும் ஒவ்வொன்றாக ஓட்டியது. செத்த கோழிகளின்மேல் குளிர்காற்று அடித்தது. எனக்கு அந்தப் பெட்டியைச் சம்மட்டியால் நசுக்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று, “இப்ப ஓடுதே” என்றார்.

போர்டைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை சுவிட்சைத் தொடவில்லை. வோல்ட்டைக் குமிழால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பாதியில் நிறுத்தி, திரும்ப ஏற்றினேன். உறைந்தது. பத்துத் தடவை செய்ததில் ஏழு தடவை உறைந்தது. பிறகு கையேட்டை எடுத்து, நான் படிக்காமல் விட்ட இடத்திலிருந்து படித்தேன். அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தது. வோல்ட் தாழ்ந்தால் தன்னைத்தானே அணைத்துத் தொடங்கும் காவல் இந்தச் சிப்பிலும் உண்டு. ஆனால் ஆலையிலிருந்து வரும்போது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். புரோகிராம் ஏற்றுகிறவர்கள்தான் அதைப் போட்டுவிட வேண்டும். ஒரே ஒரு வரி. பழைய சிப்பில் அது பிறக்கும்போதே விழித்திருக்கும் என்பதால், இதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன்.

வேறு யாராவது செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது பல்பு மஞ்சளாகி, சிவந்து, ஐந்து நிமிடம் இழுத்துக்கொண்டு கிடந்து பிறகுதான் அணையும். ஒவ்வொரு மழைக்கும் பார்த்தது. எங்கள் பக்கத்துக் கரண்ட் ஒருநாளும் பட்டென்று போனதில்லை என்று தெரிந்தவள், ஏர்கான் ரூமில் உட்கார்ந்து இருநூறு தடவை பட்டென்று அணைத்துப் பார்த்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

கோழிக் கம்பெனியின் கள அதிகாரி சுகுமாறன் எனக்குப் போன் செய்தார். நல்ல மனிதர், அண்ணன்மேல் மரியாதை உள்ளவர்.

“மேடம், உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் வெயிட் பண்றோம். பொட்டிக் கோளாறுன்னு நீங்க எழுதிக் குடுத்தா, காளிதாஸ் அண்ணனுக்கு அடுத்த மாசமே குஞ்சு இறக்கிருவோம். பண்ணை பக்கம் தப்புன்னா கான்ட்ராக்ட் கட். என் கையில ஒண்ணும் இல்ல.”

அன்றைக்கே எழுதினேன். சிப், அறுபத்தோராம் பக்கம், ஜாகாவை எடுத்தது, பத்தில் ஏழு. ஒன்றையும் மறைக்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் குமரப்பன் மேசையில் வைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லா எழுதிருக்கீங்க. அனுப்புங்க. நான் தடுக்க மாட்டேன்” என்றார்.

எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். உள்ளே மாற்றுப் பாகப் படிவம். அதை என் அறிக்கைமேல் வைத்தார்.

“இதையும் கூட வச்சுத்தான் அனுப்பணும். கேப்பாங்க. யாரு மாத்தச் சொன்னா, யாரு சோதிச்சான்னு. என் பேரு எங்கயாச்சும் இருக்கா பாருங்க.”

‘இணையானது.’ கீழே என் கையெழுத்து. அவர் பெயர் எங்கேயும் இல்லை.

“பாஸ், நான் ரெண்டு வாரம் கேட்டேன். நீங்கதான் மூணு நாள்னு சொன்னீங்க.”

“சொல்லிருப்பேன். நீங்க முடியாதுன்னு சொல்லிருக்கலாம். சரின்னு எழுதிட்டீங்க. கேஸ்னு வந்தா முதல்ல உங்களத்தான் கூப்பிடுவாங்க. அப்புறம் இந்த ஜொகூர்ல எவன் வேலை குடுப்பான்? இங்க நாப்பது பேரு இருக்காங்க, அவங்களும் வீட்டுக்குப் போகணும்.” குரல் கொஞ்சமும் ஏறவில்லை. “அன்னிக்கு மழை பேஞ்சுச்சுல்ல?”

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் நான் அந்தத் தாளை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை.

“வெளியில முன்னூறு பொட்டி இருக்கு பாஸ். எல்லாத்துலயும் அந்தச் சிப்புதான். நாளைக்கே இன்னொண்ணு உறையும்.”

“சர்வீஸ்னு சொல்லி நீங்களே போய் எல்லாத்தையும் சரி பண்ணுங்க. வேன் தர்றேன், ஆள் தர்றேன். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க மனசுக்கும் நிம்மதி.”

இதைத்தான் பிடித்துக்கொண்டேன். முன்னூறு கொட்டகை பிழைக்கும், ஒன்றுதானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒன்று என் அண்ணனுடையது என்பதைக்கூட அப்போது தியாகம் மாதிரி நினைத்தேன். வெட்கங்கெட்ட மனசு, எதை வேண்டுமானாலும் அலங்காரம் பண்ணிக்கொள்ளும். உண்மையில் நான் அந்த ஒற்றைக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துபோனேன், அவ்வளவுதான்.

அறிக்கையை மாற்றி எழுதினேன். மின்னல் தாக்கம். பண்ணையின் எர்த் இணைப்பு போதிய ஆழத்தில் இல்லை. பெட்டியில் கோளாறு எதுவும் காணப்படவில்லை. மூன்று வரிதான். கீழே மறுபடியும் என் கையெழுத்து.

ஏழு வாரம் அலைந்தேன். குளுவாங், சிம்பாங் ரெங்கம், பாரிட் ராஜா. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு வந்தேன். பண்ணைக்காரர்கள் கோப்பி கலக்கிக் கொடுத்தார்கள். கேட்காமலே சர்வீஸுக்கு வருகிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். லாயாங் லாயாங்கைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் சுகுமாறன் போன் செய்து, கான்ட்ராக்ட் போய்விட்டது, தனக்கே தூக்கமில்லை என்று சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பெட்டிதான் காரணம் என்று உளறியிருப்பேனோ என்னவோ.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். கொட்டகை காலியாகக் கழுவிக் கிடந்தது. விசிறிகளை வாங்க ஆள் வரப்போவதாக அண்ணி சொன்னார். அண்ணனுக்குச் செனாயில் ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமையிலிருந்து. தேத்தண்ணி கொடுக்கும்போது அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிரேமலா, உங்கண்ணன் ஒழுங்கா தூங்குறதில்ல. அந்த எர்த்தத்தான் பேசிக்கிட்டே இருக்காரு. நீயாச்சும் சொல்லிட்டுப் போ” என்றார்.

அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் இருந்தார். மண்ணில் இடுப்பளவு குழி. பக்கத்தில் மண்வெட்டி. தோண்டி உருவி எடுத்த எர்த் கம்பியைச் சிமெண்ட் தரையில் படுக்கவைத்து, அளக்கும் டேப்பை அதன்மேல் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைக் கைலியில் துடைத்தார்.

“வந்துட்டியா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். சொந்தக்காரங்க எல்லாம் உன்னையத்தான் குத்தம் சொல்றாங்க, அவ பொட்டிதானேன்னு. நான் விடல. ஏய், அவ ரிப்போர்ட்டு எழுதியிருக்கா, தப்பு என் பக்கம்னு தெளிவா போட்டிருக்கா, சொந்த அண்ணன்னு பாக்காம உண்மைய எழுதுனா பாருன்னு சொல்லிட்டேன்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பியைப் பார்த்தேன். குனிந்து தொட்டேன். செம்மண் ஈரம் ஒட்டியிருந்தது. வளைவில்லை, பச்சைக் களிம்பு பூக்கவில்லை. டேப் ஆறடி ஒரு அங்குலம் காட்டியது.

“இடி கேட்ட ஞாபகம் எனக்கு இல்ல, ஜென்செட் சத்தத்துல காதுல விழுந்திருக்காது. மாட்டுன அன்னிக்கு நீ அளந்து சரின்னுதான் சொன்ன. அதுக்கப்புறம் மழையில மண்ணு கரைஞ்சு இறங்கிருக்கும். நான் பாத்திருக்கணும், பாக்கல. பதினெட்டாயிரம் உசுரு.” குழியை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “நீ படிச்சவ, சொல்லு. நான் இன்னும் ஆழமா அடிச்சிருக்கணுமா?”

இல்லைண்ணே, நீங்கள் அடித்தது போதும், தப்பு ஒரு வரி, அதை நான் படிக்கவில்லை என்று சொல்ல ஐந்து நொடி போதும். அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பைக்குள் அந்த முன்னூறு பெட்டிகளின் சர்வீஸ் தாள்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

“ஆமாண்ணே” என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். வாசல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“கேட்டியா ஷாமளா. நான்தான்னு சொன்னேன்ல.”